சிவப்பில் வைத்த கதவு

எதிர் வீட்டில் இன்று காலையிலிருந்து இரும்புக் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். பெயிண்டர் தின்னர் டப்பாவைத் திறந்ததும் காற்று இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பேப்பரில் பாதி படித்திருந்தேன், மீதி ஓடவில்லை. மருமகள் அடுப்படியிலிருந்து வந்து, ஜன்னலைச் சாத்தட்டுமா, உங்களுக்கு இந்த நெடி ஆகாதே என்றாள். இருக்கட்டும் என்றேன். அந்த நெடிக்குள் நீ ஸ்டூலில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கபர்ஸ்தானில் ஆளுக்கு மூன்று கைப்பிடி மண் போட்டபோது நானும் போட்டேன். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. என்னடா கல்லாகிவிட்டோமா என்று நானே பயந்தேன். இன்று ஒரு டப்பா தின்னருக்கு வந்துவிட்டது. கண் எரிகிறது என்று மருமகளிடம் சொல்லிச் சமாளித்தேன். உன்னிடம் என்ன மறைப்பது, அழுதேன். அழுத கையோடு இதை எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் சொல்ல ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. அதற்கு நேராகப் போனால் எனக்கு மூச்சு வாங்கும், கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். உனக்கும் இனி அவசரம் ஒன்றும் இல்லை.

உங்கள் சைக்கிள் கடை தருமபுரி பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருந்தது. நான் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு டைம் கீப்பர். பென்னாகரம் வண்டி வருகிறவரை எனக்கு வேலை இல்லை, பங்ச்சர் வருகிறவரை உனக்கு வேலை இல்லை. வேலை இல்லாத இரண்டு பேர் சேர்ந்தால் ஊரில் வம்புதான் வளரும் என்பார்கள். நமக்கு விமானம் வளர்ந்தது.

பினாங்கில் கடை வைத்திருந்த உன் மாமு ஊருக்கு வரும்போதெல்லாம் சோப்பு, கைலி, தைலத்தோடு உனக்கென்று ஓர் அட்டைப் பெட்டியும் கொண்டுவருவார். மேலே படத்தில் விமானம் சீறிக்கொண்டு பறக்கும். திறந்தால் உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகள், கொடியில் அவரைக்காய் தொங்குகிற மாதிரி ஒரு சட்டத்தில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டி எடுத்து, ஒட்டி, வர்ணம் அடிக்க வேண்டியது நம் பாடு. செய்முறைத் தாள் முழுக்க இங்கிலீஷ். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் என்பதால் படிப்பது என் வேலை, ஒட்டுவது உன் வேலை. தப்பு நடந்தால் பழி படித்தவன் மேல்.

பழி வராமல் இருக்குமா? றெக்கையில் பதிக்கும் வட்டச் சின்னங்கள் ஒரு தாளில் தனியாக இருந்தன. தண்ணீரில் ஊறப்போட்டால் சின்னம் தானாக நழுவி வரும் என்பது தாளின் பின்பக்கத்தில் இருந்திருக்கிறது. முன்பக்கத்தோடு என் இங்கிலீஷ் முடிந்துவிட்டது. நீ கத்தரியால் வட்டமாக வெட்டினாய். சினிமா போஸ்டர் ஒட்டுகிறவரிடம் ஒரு கை மைதாப் பசை வாங்கி வந்து ஒட்டினோம். மறுநாள் காலையில் எறும்புகள் சாரை சாரையாக வந்து றெக்கைச் சின்னத்தைத் தின்றுகொண்டிருந்தன. சண்டை விமானத்தை எறும்பு வீழ்த்திய ஊர் உலகத்தில் தருமபுரி ஒன்றாகத்தான் இருக்கும்.

அதைவிடப் பெரிய கூத்து தின்னர். பூசிய பச்சை திட்டுத்திட்டாகிவிட்டது என்று கடைப் பழக்கத்தில், சைக்கிள் பெயிண்டைத் துடைக்கிற தின்னரைத் துணியில் நனைத்து றெக்கையைத் துடைத்தாய். பச்சை போயிற்று, கூடவே றெக்கையும் போயிற்று. வெயிலில் வைத்த வெல்லமாக உன் கையிலேயே குழைந்தது. நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். நீ அசையவில்லை. விரலில் ஒட்டிய பிசுக்கை அப்படியே விட்டு, காய்ந்த பிறகு நகத்தால் நோண்டிப் பார்த்தாய். அது மறுபடி பிளாஸ்டிக்காகவே இறுகியிருந்தது. அன்றே மிச்சமிருந்த சட்டத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஒரு மை புட்டியில் போட்டு, தின்னரை ஊற்றிக் குலுக்கினாய். கரைந்து கெட்டியானதும் அதற்குப் பெயரும் வைத்தாய், களி. ராகிக் களி தின்று வளர்ந்தவனுக்கு வேறென்ன பெயர் வாயில் வரும்? அதற்குப் பிறகு இடுக்கு, பள்ளம், விரிசல் எது வந்தாலும் களியை அப்பி, காயவைத்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பாய். ஒட்டிய இடம் எங்கே என்று ஒட்டிய நமக்கே தெரியாது.

எதற்கும் பதறமாட்டாய். பசை வழிந்தாலும், பிரஷ் மயிர் பெயிண்டில் ஒட்டிக்கொண்டாலும் நான்தான் உடனே துடைக்கக் கை நீட்டுவேன். "காயட்டும் மாப்ளே. ஈரத்துல கை வெச்சா ஒரு தப்பு ரெண்டாவும்" என்பாய். நேரத்துக்கு வண்டி வராவிட்டால் டிரைவரிடம் எரிந்து விழுகிற எனக்கு அந்தப் பொறுமை கடைசிவரை வரவில்லை.

அத்தா இதையெல்லாம் கடையின் மறு கோடியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஊரே அவரை பாய் என்று கூப்பிட, நான் மட்டும் உன்னைப் பார்த்து, அப்பாவுக்கு நீங்கள் சொல்கிற அத்தா என்றே பழகிவிட்டேன். அவர் மறுத்ததும் இல்லை. மட்கார்டில் தங்க நிறக் கோடு இழுத்துக்கொண்டே, பறக்காத பிளேனுக்கு இத்தனை வேலையா என்று கேட்பார். கேட்டுவிட்டு, கோடு இழுக்கிற தன்னுடைய மெல்லிய பிரஷ் காணவில்லையே என்று தேடுவார். அது உன் காதில் செருகியிருக்கும். தெரிந்தேதான் தேடுவார்.

உன் அண்ணன் கப்பற்படையில் சேர்ந்தது நம்மில் யாருக்கும் புரியாத காரியம். நம் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறு, மிஞ்சிப்போனால் ஒகேனக்கல். அதோடு அவருக்கு அடைத்த இடம் ஆகாது. சின்ன வயதில் கண்ணாமூச்சி விளையாட நெல் மண்டிக் கிடங்குக்குள் போனவரை, ஆள் இருப்பது தெரியாமல் பூட்டிவிட்டார்களாம். சாயங்காலம் திறந்தபோது மூச்சு பேச்சில்லாமல் கிடந்தாராம். அதிலிருந்து அவருக்குக் கதவைச் சாத்தினால் தூக்கம் வராது. மார்கழிப் பனியிலும் தெருவாசலில் கயிற்றுக் கட்டில்தான். கப்பலில் எங்கேடா கட்டில் போடுவாய் என்று அத்தா கேட்டதற்கு, கப்பலுக்கு மேலே வானம்தானே அத்தா என்று சிரித்துவிட்டுப் போனார். கொடுத்த வேலை கீழ்த்தளத்தில், எஞ்சின் அறையில்.

எழுபத்தொன்றாம் வருஷக் கடைசியில் சண்டை வந்தது. கப்பல் மூழ்கிவிட்டது என்று ரேடியோ சொன்னது. பிறகு தந்தி வந்தது. காணவில்லை, இறந்திருக்கக்கூடும் என்று எழுதியிருந்ததை நான்தான் படித்துச் சொன்னேன். அத்தா தந்தியை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பாதியில் விட்ட கோட்டை இழுக்கப் போய்விட்டார். காகிதம் போதும், உடல் இல்லாமலே ஜனாஸாத் தொழுகை தொழுதுவிடலாம் என்று பள்ளிவாசல் அஜரத் வந்து சொன்னார். பெற்றவர் வாயால் ஒரு வார்த்தை வந்தால் நல்லது என்று ஜமாத்தார் காத்திருந்தார்கள். அந்த வார்த்தை வரவில்லை. செத்ததை யார் பார்த்தது என்பார் அத்தா. அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

அந்த வார்த்தை வராததால் ஒரு பெண் பிள்ளை நடுவில் நின்றாள். உன் அண்ணன் மனைவி, நீ மச்சி என்று கூப்பிடுவாயே, கல்யாணமாகி அவரோடு சேர்ந்து இருந்த நாட்கள் கொஞ்சம்தான். மாமனார் வாய் திறக்காமல் அவள் கணவனை இழந்தவளாக இத்தா இருக்கவும் முடியாது, தாய் வீட்டுக்குப் போய் வேறொரு வாழ்க்கை பார்க்கவும் முடியாது. கை நிறைய வளையலோடு, வருகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருந்த அவள் அப்பா மாதம் தவறாமல் எங்கள் பஸ்ஸில் வருவார். வரும்போது ஒரு கூடைத் தக்காளியும் கேட்க ஒரு கேள்வியும் கொண்டுவருவார். தக்காளியை இறக்கிவைத்துவிட்டுக் கேள்வியோடு திரும்பிப் போவார். டிக்கெட் கிழிக்கிற கண்டக்டருக்குக்கூட அவர் முகத்தைப் பார்க்க ஆகாது.

நீயும் அந்த ஒரு வருஷத்தில் பாதி ஆளாகிவிட்டாய். அண்ணன் போன துக்கத்தை நீ அழக்கூட முடியவில்லை, அழுதால் அத்தா பார்வையில் அது துரோகம். அத்தாவோ வருகிற போகிறவர்களிடமெல்லாம், கப்பல் என்றால் எப்படி இருக்கும், உள்ளே எப்படிப் போவார்கள், எங்கே படுப்பார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். லாரி டிரைவர்களிடம்கூடக் கேட்டார்.

பென்னாகரத்துப் பக்கத்து ஆள் ஒருவர், அதே கப்பலிலிருந்து தப்பியவர், ஒரு நாள் தேடிக்கொண்டு வந்தார். நல்லவேளை, அத்தா அப்போது தொழப் போயிருந்தார். டைம் ஆபீஸ் பெஞ்சில் வைத்துத்தான் நம் இரண்டு பேரிடமும் சொன்னார். "கீழ இருந்தவங்க யாரும் மேல வரலைங்க. வர வழியில்லைங்க." அவ்வளவுதான் சொன்னார். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இதை அத்தாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டாய். அவரும் அத்தா வந்ததும், அவன் எஞ்சின் அறையில் வேலை பார்த்தான், நல்ல பையன் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

மாமுவுக்கு எழுதி ஒரு கப்பல் பெட்டியை வரவழைத்தது நீதான். வெளிநாட்டுக் கப்பல், ஆனால் நம்முடையதும் ஏறக்குறைய அதே சாயல் என்று பென்னாகரத்துக்காரர் பெட்டி மேலிருந்த படத்தைப் பார்த்துச் சொன்னார். கண்ணால் பார்த்தால் அத்தா மனசு ஒரு பக்கம் சாயும் என்று நீ நம்பினாய். முழத்துக்குக் கொஞ்சம் குறைவான கப்பல். நீ செய்ததிலேயே அதிகம் படுத்தியதும் அதுதான். அடிப்பாகத்தின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் வாயைப் பிளந்தது, களியை இரண்டு தடவை நிரப்பித் தேய்த்தாய். கொடிமரம் என் முழங்கை பட்டு ஒடிந்தது, பிரேக் ஒயரில் ஓர் இழையைப் பிரித்து மாற்றினாய். மேலே சாம்பல் அடித்து, அடிப்பாகத்துக்குச் சிவப்பு அடித்தபோது அத்தா தானாக எழுந்து வந்து, இது என்ன பாதிக்குச் சிவப்பு என்று கேட்டார். சிவப்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும், சாம்பல்தான் வெளியே தெரியும் என்றாய். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். ஒரு வருஷத்தில் அவர் எதையாவது கேட்டு, பதிலை முழுசாக வாங்கிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

முடிந்த அன்று சாயங்காலம் அவரை ஸ்டூலில் உட்காரவைத்து மடியில் கொடுத்தாய். பச்சைக் குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையிலும் வாங்கினார். அவன் எங்கே இருந்தான் என்று கேட்டார். நீ சிவப்பின் மேல் விரலை வைத்தாய், இதற்குள்ளே என்று. அவர் அந்த இடத்தைத் தடவினார். கப்பலைத் திருப்பி மறுபக்கமும் தடவினார். நீ அத்தனை பாடுபட்டுத் தேய்த்த இடம், வழவழவென்று இருந்தது.

"கதவு எங்கடா?"

உன் முகத்தை நான் பார்த்தேன். மேல் தளத்திலிருந்து இறங்குகிற ஓட்டை ஒன்று இருக்கிறது, அதில் இறங்கி, அதற்குள் இன்னொன்றில் இறங்கி என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், அத்தனை ஓட்டையும் ஏறி அவனால் வெளியே வந்திருக்க முடியுமா என்று அடுத்த கேள்வி வரும். "அது இன்னும் ஒட்டலைங்கத்தா. அந்தப் பீசு தனியா கெடக்குது" என்றாய். நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து மஃரிப் தொழுகைக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் நீ கத்தியை எடுத்தாய். நான் சண்டைக்கு வந்தேன். தண்ணீருக்குள் இருக்கிற பாகத்தில் கதவு வைத்தால் கப்பல் கரையிலேயே முங்கிவிடும், உலகத்தில் எந்தக் கப்பலுக்கும் அப்படி இல்லை, பார்க்கிறவன் சிரிப்பான் என்றேன். ஒரு புள்ளி பிசகினாலும் தேய்த்து எடுக்கிறவன் தெரிந்தே ஒரு தப்பை ஒட்டுகிறாயே என்று ஆத்திரமாக வந்தது. நீ தலை நிமிரவில்லை.

"கப்பலுக்கு வேணாம் மாப்ளே. அத்தாவுக்கு வேணும். அவரு என்ன கடலையா பாத்தாரு."

மிச்சச் சட்டத்தைத் தட்டையாகச் சீவிப் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கதவு செய்தாய். நிலை வைத்தாய். சிவப்பைச் சுரண்டி அதை ஒட்டி, சுற்றிலும் களி தடவி, காய்ந்ததும் ஊசி முனையால் கீறிக் கைப்பிடி வரைந்தாய். ஒயர் இழையை வளைத்து அங்கிருந்து மேல் தளம்வரை ஓர் ஏணி. என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை, விளக்கைக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் மத்தியானம் அதன் மேல் சிவப்பு அடித்தாய். மார்கழி மாதம், வெயிலே இல்லை. நாளை மறுநாள்தான் காயும் என்றாய். அத்தாவோ அசர் தொழுகை முடித்து நேராக வந்துவிட்டார். காயட்டும் அத்தா என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. உன் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் ஈரத்தோடு எடுத்துக் கொடுத்தாய்.

அவர் மடியில் வைத்துக்கொண்டு சிவப்பின் மேல் மெல்ல விரலை ஓட்டினார். கதவில் வந்து நின்றது.

"தொறக்குமா?"

"உள்ள இருந்து தொறக்கலாங்கத்தா. வெளிய வந்தா ஏணி. ஏறுனா வானம்தான்."

அவர் கொஞ்ச நேரம் கதவின் மேலேயே கையை வைத்திருந்தார். பிறகு கப்பலை உன்னிடம் கொடுத்து, கையை மடக்கிக்கொண்டு எழுந்தார். வருகிற ஜும்மாவுக்கு வைத்துவிடலாம் என்று அஜரத்திடம் சொல்லிவிடு என்றார். எதை என்று நீ கேட்கவில்லை. அவர் படியிறங்கிப் போனதும் ஹேண்டில்பார்கள் தொங்கிய சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாய். ஒரு வருஷத்து அழுகை. நான் உன் முதுகில் கைவைத்துக்கொண்டு நின்றேன். பென்னாகரம் வண்டி வந்து ஹாரன் அடித்தது, அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் பள்ளிவாசலுக்கு வெளியே, கழற்றிவைத்த செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். உடல் இல்லாத தொழுகை. தூக்குவதற்கு ஒன்றும் இல்லாமல் வெறுங்கையோடு வெளியே வந்த ஆண்களைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. வீட்டில் மச்சி வளையலைக் கழற்றினாளாம். அன்றுதான் அவள் சத்தமாக அழுததாக உன் அம்மா சொன்னார். இத்தா முடிந்து பாலக்கோட்டுக்குப் போனாள். பிறகு ஒரு நல்ல மனிதருக்கு வாழ்க்கைப்பட்டு, பிள்ளைகள் பெற்று, முதல் பிள்ளையை அத்தா மடியில் கொண்டுவந்து போட்டாள்.

தொழுகைக்கு அடுத்த நாள் நீ கப்பலைத் துடைக்க எடுத்தாய். கதவை ஒட்டிச் சிவப்பில் ஒரு விரல் பதிந்து காய்ந்திருந்தது. கட்டைவிரல், ரேகை ரேகையாக. "பாரு மாப்ளே, அவசரத்துல என் கையே பட்டுக் கெடக்குது" என்று உன்னையே திட்டிக்கொண்டாய். உப்புத்தாளை நனைத்து, கதவு பெயராமல், அந்த ரேகையை ஒவ்வொரு வரியாகத் தேய்த்து எடுத்தாய். மறுபடி சிவப்பு பூசி, இந்தத் தடவை காயும்வரை யாரையும் கிட்டவிடவில்லை. இப்போது தெரிகிறதா என்று கேட்டாய். தெரியவில்லை என்றேன். என் குரல் ஒரு மாதிரி இருந்ததை நீ கவனிக்கவில்லை.

அத்தா போன பிறகும் அந்தக் கப்பல் கடைக் கண்ணாடி அலமாரியில் இருந்தது. கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் டயர் மாற்ற வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, தண்ணீருக்குள் யாரய்யா கதவு வைத்தது என்று கடையே அதிரச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. நீ கொஞ்சமும் வெட்கப்படாமல், "நான்தாங்க. தெரியாம வெச்சுட்டேன்" என்றாய். அப்படியே கடைசிவரை வைத்திருந்தாய், அந்தத் தப்பை மட்டும் திருத்தவில்லை.

போன வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உனக்குப் பேச்சு குறைந்துவிட்டது. உன் மகள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். என் கையைத் தட்டிக் கூப்பிட்டு, ஒட்டுத் தெரியாமல் நீ செய்த வேலை உலகத்தில் ஒன்றே ஒன்று, அந்தக் கதவு என்றாய். "அத்தாவுக்கே தெரியல மாப்ளே." எவ்வளவு திருப்தி உன் முகத்தில். ஆமாம் என்று தலையாட்டினேன். பொய்க்குத் தலையாட்டவில்லை. ஒருவருக்குக் கொடுத்த வாக்குக்கு ஆட்டினேன்.

வாக்கு வாங்கியவரும் இல்லை, மறைக்க வேண்டியவனும் இல்லை. இனி என்ன? சொல்லிவிடுகிறேன்.

நீ சுவரில் முகம் வைத்து அழுத அன்று, உன்னைத் தேற்றிவிட்டு டைம் ஆபீசுக்குத் திரும்பினேன். பெஞ்சில் அத்தா உட்கார்ந்திருந்தார். வலது கையை மடக்கி மடியில் வைத்திருந்தார். "தம்பி, ஒரு துணியில கொஞ்சம் டீசல் நனச்சுக் குடு" என்றார். உங்கள் கடையில் மண்ணெண்ணெயும் தின்னரும் டின் டின்னாக இருக்க, இவர் ஏன் இங்கே வந்து டீசல் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டே, டிரைவரிடம் வாங்கி நனைத்துக் கொடுத்தேன். அவர் கையை விரித்தார். கட்டைவிரல் முழுக்கச் சிவப்பு.

"தண்ணிக்குள்ளார யாராச்சும் கதவு வெப்பாங்களா தம்பி?" என்றார். "ஒகேனக்கல் பரிசல்ல போனவனுக்குக்கூடத் தெரியும். எனக்காக வெச்சிருக்கான்."

அவர் விரலை நான் வாங்கித் துடைக்க ஆரம்பித்தேன். சிவப்பு நகக்கண்ணுக்குள் எல்லாம் போயிருந்தது. அவர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். தந்தி வந்த அன்றே பெரியவன் இல்லை என்று அவருக்குத் தெரியுமாம். பூட்டின இடத்துக்குள்தான் போய்விட்டான் என்றும் தெரியுமாம். வாய்தான் வரவில்லையாம்.

"இன்னமும் நான் புடிச்சுக்கிட்டே கெடந்தா, இந்தச் சின்னவனும் அந்தக் கப்பலுக்குள்ளயே கெடப்பான். இவனாச்சும் வெளிய வரட்டும். நான் நம்பிட்டேன்னே இருக்கட்டும், சொல்லிராத."

விரல் சுத்தமானதும் வெளிச்சத்தில் ஒரு தரம் திருப்பிப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்போல வீட்டுக்கு நடந்தார். அந்த நடையை நான் இன்றைக்கும் சுமந்துகொண்டிருக்கிறேன். உன் வேலையில் ஒட்டுத் தெரிந்ததடா. தெரிந்தும் அவர் அந்தக் கதவை வாங்கிக்கொண்டார், உன்னை வெளியே அனுப்ப. தொழுகைக்கு மறுநாள் நீ திட்டிக்கொண்டே தேய்த்து எடுத்தாயே, அது உன் விரல் இல்லை. அத்தாவுடையது.